ஆலய வாசலில் ஒரு கைபேசிக் கூடை

அன்புள்ள ஆசிரியருக்கு,

கவனச்சிதறலைப் பற்றித் தாங்கள் எழுதியதை வாசித்தபின் இதை எழுதுகிறேன். நான் ஒரு சபையின் நிர்வாகக் குழுவில் இருக்கிறேன். ஆராதனை நேரத்தில் கைபேசி பார்ப்பது பெருகிவிட்டது. பிள்ளைகள் இரவெல்லாம் அதிலேயே கிடக்கிறார்கள் என்று பெற்றோர் போதகரிடம் முறையிடுகிறார்கள். ஒரு மாதம் இதைக் குறித்தே பிரசங்கிப்பது, ஆலய வாசலில் கூடை வைத்துக் கைபேசிகளை வாங்கிக்கொள்வது, ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலமான லெந்து காலத்தில் நாற்பது நாள் கைபேசி உபவாசம் அறிவிப்பது என்று மூன்று யோசனைகள் வந்துள்ளன. சபை இளைஞர்களின் குழுவான வாலிபர் ஐக்கியத்தில் இப்போதே முணுமுணுப்பு. தாங்கள் கிறிஸ்தவரா என்று எனக்குத் தெரியாது. ஆயினும் இவற்றில் எது பயன்படும் என்று கேட்கத் தோன்றியது.

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

நான் எந்தச் சபையையும் சேர்ந்தவன் அல்லன். வேதாகமத்தைத் தொடர்ந்து வாசிப்பவன், அவ்வளவே. உங்கள் மூன்று யோசனைகளும் சபையார்மீது, குறிப்பாக இளையவர்கள்மீது, எடுக்கப்படும் நடவடிக்கைகளாகவே இருக்கின்றன. அந்தக் கைபேசிகளுக்குள் சபை நாள்தோறும் எதை அனுப்பிக்கொண்டிருக்கிறது என்ற கேள்வி உங்கள் கடிதத்தில் எங்கும் இல்லை. அங்கிருந்துதான் தொடங்க வேண்டும் என்பது என் எண்ணம்.

உங்கள் சபையின் வாட்ஸ்அப் குழுவை ஒரு நாள் முழுவதும் கவனித்துப் பாருங்கள். விடியுமுன் வாக்குத்தத்த வசனம் பூப்படத்தோடு வருகிறது, அதன்கீழ் வரிசையாக ‘ஆமென்’களும் கூப்பிய கைகளும், பிறகு யாரோ ஒருவரின் பிறந்தநாள், அதற்கு வாழ்த்துகள், எங்கிருந்தோ வந்த, உண்மையா என்று எவரும் விசாரிக்காத ஒரு செய்தி, இவற்றுக்கிடையில் உபவாசக் கூட்டத்தின் நேரம் மாறியிருக்கிறது என்ற ஒரே ஒரு வரி. அந்த வரியைத் தேடித் திரையைத் தள்ளிக்கொண்டே போகும் ஒரு தாய், அதைக் கண்டுபிடித்த பின்பும் கைபேசியைக் கீழே வைப்பதில்லை. அடுத்து யாருடைய ஸ்டேட்டஸோ கண்ணில் படுகிறது, அதிலிருந்து ஒரு காணொளி. மகன் இரவெல்லாம் விழித்திருப்பதாகப் போதகரிடம் முறையிடுகிறவரும் அவராகவே இருக்கக்கூடும். இத்துடன் காணிக்கைக்குக் கியூஆர் குறியீடு, பாட்டுக்கு ஒரு செயலி, நேரலையைப் பகிருங்கள் என்ற வேண்டுகோள் என்று ஆலயத்துக்குள்ளேயே கைபேசியை எடுக்கவைக்கும் ஏற்பாடுகளைச் செய்துவிட்டு, எடுத்தவரைக் கடிந்துகொள்வது எப்படி நியாயமாகும்? பாரமான சுமைகளைக் கட்டிப் பிறர் தோளில் ஏற்றிவிட்டுத் தாங்கள் ஒரு விரலாலும் அவற்றைத் தொடாதவர்களைப் பற்றி மத்தேயு 23ஆம் அதிகாரத்தில் இயேசு சொல்வதை உங்கள் குழு ஒருமுறை சேர்ந்து வாசிக்கலாம்.

2017 நவம்பரில் திருத்தந்தை பிரான்சிஸ் புனித பேதுரு சதுக்கத்தில் உரையாற்றியபோது, திருப்பலி என்னும் கத்தோலிக்க வழிபாட்டில் குரு இதயங்களை மேலே எழுப்பும்படி அழைக்கிறாரே தவிர, படமெடுக்கக் கைபேசிகளை எழுப்பும்படி அல்ல என்றார். பலரும் இந்த வரியைச் சிரித்து ரசித்ததோடு விட்டுவிட்டார்கள். அப்படி எழும் கைபேசிகளில் சில குருக்களுடையவும் ஆயர்களுடையவும்தான் என்று அவர் வருத்தத்தோடு சேர்த்துச் சொன்னதே எனக்கு முக்கியமாகப் படுகிறது.

ஆகவே முதல் வேலை நிர்வாகக் குழுவுக்குரியது. நிர்வாகிகள் மட்டுமே செய்தி இடும்படி குழுவை அமைக்கும் வசதியை வாட்ஸ்அப் 2018லேயே கொண்டுவந்துவிட்டது, அதைப் பயன்படுத்துங்கள். வாரத்துக்கு ஒரே அறிவிப்பு, இரவில் எதுவும் அனுப்புவதில்லை, மரணம் அல்லது கடும் நோய் என்றால் நேரடியாகத் தொலைபேசி அழைப்பு என்று தீர்மானித்துவிட்டால், ‘சபைச் செய்தி வந்திருக்குமோ’ என்று எடுத்துப் பார்க்கும் காரணம் இல்லாமற்போகும்.

கூடை வேண்டாம். அவசர அழைப்புக்காகக் காத்திருக்கும் மருத்துவரும் செவிலியரும், வீட்டில் நோயாளியை விட்டுவிட்டு வந்தவரும், எழுத்தைப் பெரிதாக்கினால் மட்டுமே வசனத்தை வாசிக்க முடிகிற முதியவரும் வாசலிலேயே குற்றவாளிகளாக நிற்க நேரும். வேதாகமத்தைக் கைபேசியில் வாசிப்பது ஒன்றும் புதிதல்ல; 2008 ஜூலையில் ஆப்பிளின் ஆப் ஸ்டோர் திறக்கப்பட்டபோதே யூவெர்ஷன் வேதாகமச் செயலி அதில் இருந்தது. ஆனால் இயேசு தம்மைத் திராட்சச்செடி என்றும் சீடரைக் கொடிகள் என்றும் சொல்லும் யோவான் 15ஐத் திறந்தவருக்கு மூன்றாம் வசனத்தின்மேல் ஓர் உறவினரின் திருமணப் படம் பட்டையாக வந்து இறங்குகிறது, கட்டைவிரல் தானாக அதைத் தொடுகிறது, திராட்சச்செடியும் கொடிகளும் போன இடம் தெரியவில்லை. இருக்கைகளில் அச்சிட்ட வேதாகமங்களைப் போதிய அளவு வையுங்கள், வாசிக்கவேண்டிய பகுதியின் பக்க எண்ணையும் போதகர் சொல்லட்டும். கைபேசியில்தான் வாசிப்பேன் என்பவர் அறிவிப்புகளை நிறுத்திவைத்து வாசிக்கட்டும். இடையறாமல் எத்தனை நாள் வாசித்தோம் என்று அந்தச் செயலி எண்ணிக் காட்டுவது பலருக்கு உதவுகிறது என்பதை மறுக்கமாட்டேன்; ஆனால் எண்ணிக்கை அறுந்துவிடக்கூடாதே என்று நள்ளிரவில் அவசரமாக ஒரு வசனத்தைத் திறந்து மூடும் பழக்கமும் அதே வசதியிலிருந்துதான் பிறக்கிறது. இதைச் சபையில் வெளிப்படையாகப் பேசலாம்.

உபவாசத்தைப் பற்றி எனக்கு இரண்டு மனம். நாற்பது நாள் முடிந்த மறுநாள் பழைய வேகத்தோடு திரும்புகிறவர்கள் இருக்கிறார்கள். ஒருவனை விட்டு நீங்கிய அசுத்த ஆவி, அந்த வீடு வெறுமையாய் இருப்பதைக் கண்டு தன்னிலும் பொல்லாத ஏழு ஆவிகளோடு திரும்பி வருவதை மத்தேயு 12ஆம் அதிகாரம் சொல்கிறது; கைபேசி போன இடத்தில் எதை வைப்பது என்று சொல்லாத உபவாசத்துக்கும் அதுவே நேரும். திருவசனத்தைச் சேர்ந்து வாசிப்பது, நோயாளிகளைச் சென்று பார்ப்பது, சும்மா உட்கார்ந்து பேசுவது, இவற்றில் ஏதாவது அந்த நேரத்துக்கென்று ஏற்பாடாகியிருக்க வேண்டும். இது திரை வந்த பின் தோன்றிய நோயும் அன்று. நான்காம் நூற்றாண்டில் எகிப்தின் பாலைநிலத்தில் வாழ்ந்த துறவி எவாக்ரியுஸ், நண்பகலில் துறவியைப் பிடிக்கும் சோர்வை விவரிக்கிறார்: பொழுது நகரவே இல்லை என்று தோன்றும், ஓயாமல் சாளரத்தைப் பார்க்கவைக்கும், ஒன்பதாம் மணிக்கு, அதாவது நம் கணக்கில் பிற்பகல் மூன்று மணிக்கு, இன்னும் எவ்வளவு இருக்கிறது என்று வெளியே வந்து சூரியனை அளக்கவைக்கும், சகோதரர் எவரேனும் வருகிறாரா என்று இங்கும் அங்கும் நோக்கவைக்கும். அவர் சொன்ன மருந்து, அறையை விட்டு ஓடாமல் பொறுத்து அமர்ந்திருப்பது. ஆகவே நீண்ட உபவாசத்தைவிட, இரவு உணவு முதல் காலை ஜெபம் வரை கைபேசி படுக்கையறைக்கு வெளியே இருப்பது போன்ற, ஆண்டு முழுவதும் தாங்கக்கூடிய சிறிய ஒழுங்கைத்தான் நான் பரிந்துரைப்பேன். பெற்றோருக்கும் அது பொருந்தவேண்டும்.

ஆபாசத்திலோ சூதாட்டத்திலோ சிக்கி மீளமுடியாமல் தவிப்பவர்களை இந்தப் பொது ஏற்பாட்டுக்குள் கொண்டுவராதீர்கள். அவர்களுக்குத் தேவை தனிமையில், இரகசியம் காக்கப்படும் என்ற உறுதியோடு, ஒரு மனிதரிடம் பேசும் வாய்ப்பு. தேவைப்பட்டால் மருத்துவ ஆலோசனையும்.

வாலிபர் ஐக்கியத்தாரிடம், என்ன செய்யவேண்டும் என்று சொல்வதற்கு முன், அவர்களை இரவில் விழிக்கவைப்பது எது என்று கேளுங்கள். பெரியவர்களின் கைபேசியில் அறிவிப்புகளை நிறுத்தித் தரும் பொறுப்பையும் அவர்களிடமே கொடுக்கலாம். பிரசங்கம் ஒரு மாதம் வேண்டாம், ஒரு ஞாயிறு போதும். அதுவும் வாட்ஸ்அப் குழுவை ஒழுங்குபடுத்தி, நிர்வாகக் குழுவினர் ஆலயத்தில் தங்கள் கைபேசிகளை எடுக்காமல் சில வாரங்கள் இருந்து பார்த்த பிறகு இருக்கட்டும்.

அன்புடன்