மயக்க மருந்துச் செவிலியர் ஒப்பந்தங்கள்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: மதுரையில் ஆறு ஆண்டுகளாகத் தீவிர சிகிச்சைப் பிரிவுச் செவிலியராக இருக்கிறேன். நேரடியாக சி.ஆர்.என்.ஏ. (மயக்க மருந்து கொடுக்கச் சான்றிதழ் பெற்ற செவிலியர்) வேலை வாங்கித் தருவதாக ஓர் அமெரிக்க ஏஜென்சி சொல்கிறது. நம்பலாமா?

நம்ப வேண்டாம். அமெரிக்கச் செவிலியர் உரிமத் தேர்வான என்கிளெக்ஸ் தேறி ஆர்.என். (பதிவு பெற்ற செவிலியர்) உரிமம் பெற்று, அங்கேயே தீவிர சிகிச்சைப் பிரிவில் குறைந்தது ஓராண்டு பணியாற்றி (மதுரை அனுபவம் இந்தக் கணக்கில் சேராது), மூன்றாண்டு முனைவர் நிலைப் படிப்பையும் தேசியச் சான்றிதழ்த் தேர்வையும் முடித்த பிறகே அந்த வேலைக்கு நீங்கள் தகுதி பெறுவீர்கள். 2022 முதல் சேருவோருக்கு முதுகலைப் பட்டம் போதாது. முன்பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

கேள்வி: டெக்சாஸில் சி.ஆர்.என்.ஏ.வாக இருக்கிறேன். என்னிடம் பன்மாநில உரிமம் இருப்பதால், ஏஜென்சி என்னை லூசியானாவுக்கும் அனுப்பலாம் அல்லவா?

அனுப்ப முடியாது. அந்த உரிமம் ஆர்.என். பணிக்கு மட்டுமே செல்லும். மயக்க மருந்து கொடுப்பதற்கு ஒவ்வொரு மாநிலத்திலும் தனி உரிமமும், ஒவ்வொரு மருத்துவமனையிலும் தனிப் பணி அனுமதியும் தேவை. பின்னதற்கு மட்டுமே இரண்டு மூன்று மாதங்கள் ஆகலாம்.

கேள்வி: 1099 முறையில் (ஊழியராக அல்லாமல், தனி ஒப்பந்தக்காரராக) மணிக்கு 200 டாலர் தருகிறார்கள். கையெழுத்திடலாமா?

மணிக்கு எவ்வளவு என்பதைத் தவிர நீங்கள் எதையும் எழுதவில்லை. ஒப்பந்தத்தைப் படிக்கவில்லை என்றே தோன்றுகிறது. 1099 என்றால், டபிள்யூ-2 பணியில் (அதாவது ஊழியராக இருந்தால்) முதலாளி செலுத்தும் சமூகப் பாதுகாப்பு வரிப் பங்கும், மருத்துவக் காப்பீடும், விடுப்புச் சம்பளமும் உங்கள் பொறுப்பாகும். அறுவை சிகிச்சை ரத்தானால் அன்றைய மணிநேரங்களுக்குப் பணம் உண்டா என்றும் கேளுங்கள்.

இவற்றையெல்லாம் விட முக்கியமானது தவறு சிகிச்சைக் காப்பீடு. இந்தப் பகுதியில் எத்தனை முறை எழுதினாலும் இதை யாரும் கேட்பதில்லை. ஏஜென்சி எடுத்திருப்பது ‘கிளெய்ம்ஸ்-மேட்’ வகையாக இருந்தால், வழக்குத் தொடரப்படும் நாளில் அந்தக் காப்பீடு நடப்பில் இருந்தால்தான் பாதுகாப்பு. நீங்கள் விலகிய பிறகு, இன்று செய்த வேலைக்காக வழக்கு வந்தால் உங்களுக்குத் துணையில்லை. குழந்தை நோயாளி என்றால் வழக்குத் தொடரும் கால வரம்பு பல மாநிலங்களில் மேலும் நீளும். இந்த இடைவெளியை மூடும் கூடுதல் காப்பீடே ‘டெயில்’ (வால்). அதன் விலை பெரும்பாலும் ஆண்டுக் கட்டணத்தைப் போல ஒன்றரை முதல் இரண்டு மடங்கு. அந்த வாலை யார் தலையில் கட்டுவது என்பதில்தான் சண்டையே. நான் ஒரு குழுவிலிருந்து விலகியபோது, அது என் செலவு என்பதை விலகல் கடிதம் கொடுத்த பிறகே அறிந்தேன். ‘நாங்கள் பார்த்துக்கொள்வோம்’ என்று வாய்மொழியாகச் சொன்னவர் அதற்குள் வேலை மாறிப் போயிருந்தார். ‘அக்கரன்ஸ்’ வகையா (சம்பவம் நடந்த நாளில் காப்பீடு நடப்பில் இருந்தாலே போதும் என்ற வகை), இல்லையென்றால் டெயில் யாருடையது என்பதை எழுத்தில் வாங்குங்கள். ஏஜென்சி அனுப்பிய மருத்துவமனையிலேயே பின்னர் நேரடியாகச் சேரத் தடை உண்டா என்பதையும் எழுத்தில் வாங்குங்கள்.

கேள்வி: மயக்கவியல் மருத்துவரே இல்லாத சிறு மருத்துவமனையில் பணியாற்றுவது சட்டப்படி சரியா?

சரிதான். மெடிகேர் (முக்கியமாக முதியோருக்கான அமெரிக்க அரசு மருத்துவக் காப்பீடு) விதிப்படி அறுவை சிகிச்சை மருத்துவரின் மேற்பார்வையே போதும். 2001-இல் அயோவா தொடங்கி, ஏறத்தாழ பாதி மாநிலங்கள் அந்த நிபந்தனையிலிருந்தும் விலகிவிட்டன. எனினும் மாநிலச் சட்டமும் மருத்துவமனையின் உள்விதிகளும் அதைவிடக் கடுமையாக இருக்கலாம்.

கேள்வி: கிராமப்புற மருத்துவமனையின் நிதிப் பிரிவில் இருக்கிறேன். ஆண்டுக்குச் சுமார் 500 அறுவை சிகிச்சைகள் நடக்கின்றன. ஏஜென்சியே மெடிகேருக்குப் பில் போட்டுக்கொள்வதாகச் சொல்கிறது. லாபம்தானே?

அவசரப்படாதீர்கள். மயக்க மருந்து தேவைப்படும் சிகிச்சைகள் ஆண்டுக்கு 800-ஐத் தாண்டாத கிராமப்புற மருத்துவமனை, மற்ற நிபந்தனைகளும் பொருந்தினால், சி.ஆர்.என்.ஏ. செலவையே மெடிகேரிடமிருந்து திரும்பப் பெறலாம். அதற்கு அந்தச் செவிலியர் தனியாகப் பில் போடுவதில்லை என்று எழுத்தில் ஒப்புக்கொள்ள வேண்டும். ஏஜென்சி பில் போட்டால் அந்த வாய்ப்பு உங்கள் கையை விட்டுப் போய்விடும். இரண்டு வழிகளுக்கும் கணக்குப் போட்டுப் பார்த்த பிறகே ஏஜென்சிக்குப் பதில் எழுதுங்கள்.