வேதியியல் படித்த நான் நூலக, தகவல் அறிவியல் முதுகலையில் சேர முடியுமா? மதிப்பெண் குறைவு என்றால் வாய்ப்பே இல்லையா?

சேரலாம். வேதியியல் ஒரு தடையே இல்லை, மதிப்பெண் குறைவு ஒரு தடைதான், ஆனால் தாண்ட முடியாத தடை இல்லை. இதை மட்டும் சொல்லிவிட்டுப் போயிருப்பேன். கேள்விக்குக் கீழே விளக்கமாக நீங்கள் எழுதியிருக்கும் ஒரு வரிதான் என்னை உட்கார வைத்துவிட்டது: "வேறு எதிலும் இடம் கிடைக்காதவர்கள்தான் இந்தப் படிப்புக்குப் போவார்கள் என்று எல்லோரும் சொல்கிறார்கள், உண்மையா?" இதை என் சேர்க்கை நேர்காணலிலேயே என்னிடம் கேட்டிருக்கிறார்கள். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

முதலில் விதி. நீங்கள் எந்த நாட்டில் விண்ணப்பிக்கிறீர்கள் என்று சொல்லவில்லை, அதனால் இரண்டு முறைகளையும் சொல்கிறேன். அமெரிக்கா, கனடா பக்கம் ஏதாவது ஒரு பாடத்தில் இளங்கலை முடித்திருந்தால் போதும், நேராக முதுகலைக்கு விண்ணப்பிக்கலாம். பொதுவாக நான்குக்கு மூன்று என்ற சராசரிப் புள்ளியை எதிர்பார்ப்பார்கள். ஜிஆர்இ என்ற முதுகலை நுழைவுத் தேர்வைப் பல துறைகள் கைவிட்டுவிட்டன அல்லது விருப்பத்துக்கு விட்டுவிட்டன. ஏன் சேர விரும்புகிறீர்கள் என்று எழுதும் நோக்க அறிக்கை, இரண்டு மூன்று பரிந்துரைக் கடிதங்கள், தன்விவரக் குறிப்பு, வெளிநாட்டவர் என்றால் ஆங்கிலத் தேர்வு, இவ்வளவுதான். இந்தியா போன்ற இடங்களில் வழி வேறு. ஏதாவது ஒரு பட்டத்துக்குப் பிறகு ஓராண்டு நூலக அறிவியல் இளங்கலை, அதற்குப் பிறகு ஓராண்டு முதுகலை என்று இரண்டு படியாக இருக்கும். இரண்டையும் சேர்த்து இரண்டாண்டு முதுகலையாக நடத்தும் பல்கலைக்கழகங்களும் உண்டு. ஓராண்டு முதுகலைக்கு வேதியியல் பட்டத்தோடு விண்ணப்பித்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள், மதிப்பெண் எவ்வளவு இருந்தாலும் சரி. எனவே கட்டணம் கட்டும் முன் அது எந்த வகை முதுகலை என்று தகுதிப் பகுதியைப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். இந்த ஒரு இடத்தில்தான் நிறையப் பேர் பணத்தை இழக்கிறார்கள்.

ஏன் எந்தப் பாடமானாலும் சரி என்கிறார்கள்? "தரம் இல்லாத படிப்பு, அதனால் யாரை வேண்டுமானாலும் எடுக்கிறார்கள்" என்று ஒரு விளக்கம் சுற்றிக்கொண்டிருக்கிறது. கேட்டாலே எனக்குக் கோபம் வரும். நூலகத்தில் எல்லாப் பாடமும் இருக்கிறது, அதனால் எல்லாப் பாடத்திலிருந்தும் ஆள் வேண்டும், காரணம் இவ்வளவுதான். இந்திய நூலக அறிவியலின் தந்தை என்று சொல்லப்படும் ரங்கநாதன் கணித ஆசிரியர். 1924இல் சென்னைப் பல்கலைக்கழகம் அவரை நூலகராக நியமித்தபோது அவரிடம் நூலகப் பயிற்சி எதுவும் கிடையாது, நியமித்த பிறகுதான் லண்டனுக்கு அனுப்பிப் படிக்க வைத்தார்கள். ஒரு பொருளை அதன் பல முகங்களாகப் பிரித்து, பிறகு அவற்றைச் சேர்த்து நூலுக்கு எண் கட்டும் கோலன் பகுப்பு முறை 1933இல் அவரிடமிருந்து வந்தது. அதில் கணக்கு வாத்தியாரின் மூளை அப்பட்டமாகத் தெரியும்.

உங்கள் வேதியியலும் அப்படித்தான். ஆஸ்பிரின் என்றாலும் அசிட்டைல்சாலிசிலிக் அமிலம் என்றாலும் ஒரே பொருள். ஒருவர் ஒரு பெயரில் தேடுவார், கட்டுரை இன்னொரு பெயரில் இருக்கும். அதனால்தான் ஒவ்வொரு வேதிப்பொருளுக்கும் சிஏஎஸ் (கெமிக்கல் அப்ஸ்ட்ராக்ட்ஸ் சர்வீஸ்) என்ற அமைப்பு ஒரு பதிவு எண் கொடுத்தது. ஆஸ்பிரினுக்கு 50-78-2. எந்தப் பெயரில் எழுதியிருந்தாலும் அந்த எண்ணைப் போட்டால் வந்துவிடும். ஒரே ஆசிரியர் மூன்று விதமாகப் பெயர் போட்டு எழுதிய நூல்களை ஒரே தலைப்பின் கீழ் கொண்டுவர நூலகப் பட்டியலில் நாங்கள் செய்யும் வேலையும் இதே வேலைதான். ஆய்வகத்தில் இந்த எண்ணைப் பார்த்துப் பார்த்துப் பழகிய நீங்கள் இதை நோக்க அறிக்கையில் எழுதினால், படிப்பவர் நிமிர்ந்து உட்காருவார். "சிறு வயதிலிருந்தே எனக்குப் புத்தகங்கள் மீது தீராத காதல்" என்று தொடங்கும் அறிக்கைகளுக்கு நடுவே இது தனியாகத் தெரியும். புத்தகக் காதல் தப்பு என்று நான் சொல்லவில்லை, எனக்கும் உண்டு. ஆனால் அது மட்டும் வைத்து ஒருவர் இந்த வேலையைச் செய்வாரா என்று யாராலும் கணிக்க முடியாது.

இனி என் கதை. இளங்கலையில் என் மதிப்பெண் அவர்கள் கேட்ட அளவுக்குக் கொஞ்சம் கீழே. காரணங்கள் இருந்தன, இங்கே வேண்டாம். படிக்கும்போதே ஒரு நூலகத்தில் பகுதிநேர வேலை. முதலில் திரும்பி வரும் புத்தகங்களை அலமாரியில் அடுக்குவது, அப்புறம் வழங்கும் மேசை, கடைசியில் ஆள் குறைவு என்பதால் தகவல் மேசையிலும் உட்கார வைத்தார்கள். பட்டம் முடித்தும் அதே வேலையில் சில ஆண்டுகள் இருந்தேன். விண்ணப்பப் படிவத்தில் "முழுநேரப் பணி அனுபவம்" என்று ஒரு கட்டம். அலுவலகத்தில் விசாரித்தால், பகுதிநேரம் எல்லாம் கணக்கில் வராது, அந்தக் கட்டத்தைக் காலியாக விடுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். முழுநேரமாக ஏதோ ஒரு அலுவலகத்தில் கோப்பு தூக்கியவருக்கு அந்தக் கட்டத்தில் எழுத இடம் உண்டு, நூலக மேசையில் மாலை நேரம் முழுக்க நின்றவருக்கு இல்லை. மதிப்பெண் கட்டத்திலும் குறைவு, அனுபவக் கட்டமும் காலி. படிவத்தை மட்டும் பார்த்தால் என்னை நானே எடுத்திருக்க மாட்டேன்.

அதனால் எல்லாவற்றையும் நோக்க அறிக்கையில் போட்டேன். பொதுவாக எழுதாமல் ஒரே ஒரு சம்பவத்தை எழுதினேன். ஒரு நாள் மாலை ஒரு பெண்மணி வந்து "சட்டப் புத்தகமெல்லாம் எங்கே இருக்கு?" என்று கேட்டார். கையில் மடித்து மடித்து ஓரம் கிழிந்த ஒரு காகிதம். அலமாரி இருக்கும் திசையைக் காட்டியிருந்தால் என் வேலை அரை நிமிடத்தில் முடிந்திருக்கும். அவர் போய் அந்தத் தடித்த தொகுதிகளைப் பார்த்துவிட்டு அப்படியே வெளியே போயிருப்பார். "எது சம்பந்தமா பார்க்கணும்மா?" என்று கேட்டேன். "ஒரு மனு எழுதணும்" என்றார். எதற்கு மனு என்று கேட்கத் தயக்கமாக இருந்தது, ஆனாலும் கேட்டேன். இறந்துபோன அக்காவின் பையனை அவர்தான் வளர்க்கிறார், பள்ளியில் காப்பாளர் என்பதற்கு நீதிமன்ற ஆணை கேட்கிறார்கள். கையிலிருந்தது பள்ளி கொடுத்த கடிதம். அவருக்குத் தேவைப்பட்டது சட்டப் புத்தகம் இல்லை. காப்பாளர் நியமனத்துக்கு எங்கே, எப்படி விண்ணப்பிப்பது என்று எளிய மொழியில் போட்டிருந்த ஒரு கையேடும், இலவச சட்ட உதவி மையத்தின் முகவரியும்தான். இரண்டும் எங்களிடம் இருந்தன, கையேடு சட்ட அலமாரியில் இல்லாமல் துண்டு வெளியீடுகள் வைக்கும் பெட்டியில் இருந்தது.

நேர்காணலில் பேராசிரியர் ஒருவர் இதைத்தான் பிடித்துக்கொண்டார். ஏன் நேராக அலமாரியைக் காட்டவில்லை, முதல் கேள்வியோடு ஏன் நிறுத்தவில்லை, அந்தரங்கமான விஷயம் என்று தெரிந்தும் எப்படிக் கேட்டீர்கள் என்று துருவித் துருவிக் கேட்டார். சேர்ந்த பிறகு முதல் பருவத்திலேயே தெரிந்துகொண்டேன், ராபர்ட் டெய்லர் என்பவர் 1968இல் இதைப் பற்றித்தான் கட்டுரை எழுதியிருக்கிறார். மனதுக்குள் இருக்கும் தேவை ஒன்று, நூலகம் என்ன தரும் என்று ஊகித்து அதற்கேற்ப வளைத்து மேசையில் வந்து கேட்கும் கேள்வி இன்னொன்று, நூலகர் பின்னோக்கிப் போய் அந்தத் தேவையைப் பிடிக்க வேண்டும் என்கிறார். பெயர் தெரியாமலே அதைச் செய்துகொண்டிருந்தேன் என்பதில் இன்றும் எனக்குப் பெருமை உண்டு.

அதே நேர்காணலில் பக்கத்தில் இருந்த இன்னொருவர் என் மதிப்பெண் பட்டியலைப் பார்த்துவிட்டு, "வேறெங்கும் கிடைக்காமல்தானே இங்கே வந்தீர்கள்?" என்றார். "வேறு எங்கும் நான் விண்ணப்பிக்கவே இல்லை" என்றேன். அது உண்மை. அறையில் யாரும் பேசவில்லை, அவரும் அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். நிபந்தனையோடு இடம் கொடுத்தார்கள்: முதல் பருவத்துப் பாடங்களில் குறிப்பிட்ட தரம் வாங்கினால் தொடரலாம், இல்லையென்றால் வெளியே. வாங்கினேன், தொடர்ந்தேன். நிபந்தனைச் சேர்க்கை என்று ஒன்று இருப்பது பலருக்குத் தெரியாது. சேர்க்கைக் குறிப்பில் கண்ணில் படாமல் ஓரமாக இருக்கும், தேடிப் பாருங்கள், இல்லையென்றால் துறைக்கு எழுதிக் கேளுங்கள்.

இந்த இடத்தில் யாராவது வந்து "அப்படியென்றால் மதிப்பெண்ணே வேண்டாமா, யார் வந்தாலும் சேர்த்துக்கொள்ளலாமா?" என்று கேட்பார்கள் என்று தெரியும். நான் அப்படிச் சொல்லவே இல்லை. முதுகலையில் எழுத்து வேலை அதிகம், ஆய்வு முறை, புள்ளியியல், தரவுத்தளம் எல்லாம் உண்டு, படிக்கும் பழக்கம் இல்லாதவர் திணறுவார். மதிப்பெண் அந்தப் பழக்கத்துக்கு ஓர் அடையாளம், நான் மறுக்கவில்லை. அது ஒன்றே அடையாளம் என்பதைத்தான் மறுக்கிறேன். இன்னொரு கூட்டம் "அனுபவம் இருந்தால் படிப்பே தேவையில்லை" என்று வரும். அதையும் ஏற்க மாட்டேன். மேசையில் எத்தனை வருடம் நின்றிருந்தாலும் ஒரு நூலின் பொருளை எப்படி அலசிப் பகுப்பது, நூலகப் பட்டியலில் இல்லாத பதிவை எப்படி உருவாக்குவது என்பதெல்லாம் எனக்குப் படித்த பிறகுதான் புரிந்தது.

இந்தச் சேர்க்கைச் சண்டை படிப்போடு கூடவே பிறந்ததுதான். தசமப் பகுப்பு முறையை உருவாக்கிய மெல்வில் டூயி 1887இல் நியூயார்க்கின் கொலம்பியா கல்லூரியில் அமெரிக்காவின் முதல் நூலகப் பள்ளியைத் தொடங்கியபோது முதல் வகுப்பில் இருபது பேர், அதில் பதினேழு பேர் பெண்கள். பெண்களைச் சேர்க்கக் கூடாது என்று கல்லூரி நிர்வாகம் எதிர்த்தது, வகுப்பறை கொடுக்கவில்லை, ஒரு சரக்கறையைச் சுத்தம் செய்து அதில்தான் பாடம் நடத்தினார். இரண்டே ஆண்டில் பள்ளி ஆல்பனிக்கு இடம் மாறிவிட்டது. 1923இல் அமெரிக்க நூலகப் பயிற்சியை ஆராய்ந்த வில்லியம்சன் அறிக்கை வந்து, எழுத்தர் வேலையையும் நூலகர் வேலையையும் பிரி, நூலகப் பள்ளியில் சேரக் கல்லூரிப் பட்டம் வேண்டும் என்றது. அந்த அறிக்கையில் நியாயம் இருந்தது, தொழிலுக்கு மரியாதை வந்தது அதனால்தான். ஆனால் அந்தக் கோட்டுக்கு எந்தப் பக்கம் யார் நிற்கிறார் என்பதை வெறும் படிவத்தை வைத்து முடிவு செய்வதால்தான் என்னைப் போன்றவர்கள் கட்டத்துக்கு வெளியே நிற்க வேண்டியிருக்கிறது.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், மனசு ஆறவில்லை. சேரும்போது இவ்வளவு வடிகட்டுகிறார்களே, படித்து முடித்து வெளியே வந்தால் என்ன நடக்கிறது தெரியுமா? நான் வேலை பார்த்த ஒரு நிறுவனத்தில் வகுப்பெடுக்கத் தகராறு செய்தவரையும், மேலதிகாரியோடு சண்டை போட்டவரையும் தண்டனையாக நூலகத்துக்கு மாற்றினார்கள். "கொஞ்ச நாள் லைப்ரரியில உட்காருங்க" என்பார்கள். பாவம், அவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. நூல்களைப் பொருள்வாரியாக அடுக்க உதவும் பகுப்பு எண் எதற்கு என்றே தெரியாமல் ஒருவர், எல்லாப் புத்தகத்தையும் உயரம் பார்த்து அழகாக அடுக்கி வைத்தார், அதைச் சரி செய்ய நாங்கள் விடுமுறை முழுக்க வேலை பார்த்தோம். மருந்தகத்தில் யாரையாவது இப்படி உட்கார வைப்பார்களா? "வேறு எதிலும் இடம் கிடைக்காதவர்கள்" என்ற பேச்சு இப்படிப்பட்ட இடங்களில்தான் விளைகிறது, படிப்பில் இல்லை.

சரி, உங்கள் விஷயத்துக்கு. நீங்கள் நூலகத்தில் வேலை பார்த்திருக்கிறீர்களா என்று எழுதவில்லை. இல்லையென்றால் விண்ணப்பிக்கும் முன் ஏதாவது ஒரு நூலகத்தில் தன்னார்வமாகவாவது சில மாதம் நில்லுங்கள். பிடிக்கிறதா என்று உங்களுக்கே தெரியும், எழுதவும் விஷயம் இருக்கும். மதிப்பெண் குறைவை மறைக்க வேண்டாம், ஒரு வரியில் காரணத்தைச் சொல்லிவிட்டு நகருங்கள், பக்கம் பக்கமாக மன்னிப்புக் கேட்காதீர்கள். அமெரிக்கா, கனடாவில் என்றால் அமெரிக்க நூலகச் சங்கத்தின் அங்கீகாரம் அந்த முதுகலைக்கு இருக்கிறதா என்று பாருங்கள், பல வேலை விளம்பரங்கள் அதைக் கேட்கும். பள்ளி நூலகர் ஆகும் எண்ணம் இருந்தால் ஆசிரியர் தகுதியும் தனியாகத் தேவைப்படலாம், அதை இப்போதே விசாரியுங்கள், சேர்ந்த பிறகு தெரிந்தால் இன்னொரு வருடம் போகும். பரிந்துரைக் கடிதத்தில் ஒன்றையாவது உங்கள் ஆய்வக வழிகாட்டியிடம் வாங்குங்கள், ஆனால் "நல்ல மாணவர்" என்று மட்டும் எழுத விட்டுவிடாதீர்கள், நீங்கள் என்ன தேடினீர்கள், எப்படிக் குறிப்பெடுத்து ஒழுங்கு செய்தீர்கள் என்று அரைப்பக்கம் எழுதி அவரிடம் முன்கூட்டியே கொடுத்துவிடுங்கள். கடைசி வாரத்தில் போய் நின்றால் யாராலும் நல்ல கடிதம் எழுத முடியாது.