கர்ப்பகாலப் பரிசோதனை இலவசம்தானே, கிராமத்து ஏழைப் பெண்கள் ஏன் போவதில்லை?

விழிப்புணர்வு இல்லை என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. என் அம்மா கிராம சுகாதாரச் செவிலியராக இருந்தவர். அவருடன் செங்கல் சூளைகளுக்குப் போய்ப் பார்த்ததை வைத்துச் சொல்கிறேன்.

சூளையில் புருஷன் பொண்டாட்டி ஜோடியாகத்தான் வேலைக்குச் சேர்வார்கள். முன்பணம் ஏற்கெனவே வாங்கியிருப்பார்கள். ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்று கூலி. நடுச்சாமத்தில் எழுந்து ஒருவர் மண் குழைத்துக் கொடுக்க, இன்னொருவர் குத்தவைத்து உட்கார்ந்து கல் அறுக்க வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கர்ப்பிணிகளைப் பார்ப்பது செவ்வாய்க்கிழமை. அன்று அவள் போனால் இரண்டு பேர் கூலியும் அடிபடும், முன்பணக் கடன் குறையாது. மேஸ்திரியிடம் வேறு கேட்டுக்கொண்டு போக வேண்டும்.

அப்புறம் பதிவு. பொங்கல் முடிந்து சூளைக்கு வந்தால் மழைக்கு முன்னால்தான் ஊர் திரும்புவார்கள். சொந்த ஊர் நர்சம்மாவின் பதிவேட்டில் பெயர் இருக்கும், ஆள் இருக்கமாட்டாள். சூளைப் பக்கத்து நர்சம்மாவுக்கோ இப்படி ஒருத்தி வந்திருப்பதே தெரியாது. சூளைக்கு வரும் இருளர் பழங்குடிப் பெண்கள் சிலருக்கு ஆதாரோ வங்கிக் கணக்கோ கூடக் கிடையாது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவி 18,000 ரூபாய், நல்ல திட்டம். ஆனால் 12 வாரத்துக்குள் பதிய வேண்டும், 19 வயது முடிந்திருக்க வேண்டும், முதல் இரண்டு பிரசவத்துக்கு மட்டும்தான். அதிகம் கவனிக்க வேண்டிய சின்னப் பெண்ணுக்கும் மூன்றாவது பிள்ளை சுமப்பவளுக்கும் அது கிடைக்காது.

18 வயது ஆகாதவள் என்றால் நிலைமை இன்னும் மோசம். சிறார்களைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி மருத்துவமனை போலீசுக்குத் தெரிவித்தாக வேண்டும். புருஷனைப் பிடித்துப் போய்விடுவார்கள் என்று வயிற்றை மறைத்தே மாதங்களைத் தள்ளுகிறார்கள். அப்படி ஒரு பெண்ணின் கீழ் இமையை அம்மா இழுத்துப் பார்த்தபோது உள்ளே சிவப்பே இல்லை, ரத்தசோகையில் வெளுத்துக் கிடந்தது. "வயசு எழுதணுமாக்கா?" என்பதுதான் அவள் கேட்ட முதல் கேள்வி.

வாரச் செலவுக்குக் காசு கொடுக்கும் நாளில் சூளையில் வேலை இருக்காது. அன்று சாயங்காலமாக அம்மா பிபி கருவி, எடை மெஷின், சத்து மாத்திரை எல்லாம் எடுத்துக்கொண்டு அங்கேயே போய்விடுவார். கூப்பிடாமலே பெண்கள் வந்து உட்கார்ந்தார்கள். பிக்மி எண்ணை, அதாவது கர்ப்பத்தை அரசிடம் பதியும்போது கிடைக்கும் எண்ணை, அவர்கள் செல்போனிலேயே பதிந்து கொடுப்பார். ஊர் மாறினாலும் அந்த எண் செல்லும், பிள்ளையின் பிறப்புச் சான்றிதழுக்கும் அது தேவை. நடமாடும் மருத்துவக் குழுக்கள் இப்போதும் கிராமங்களுக்குப் போகின்றன. சூளைகளில் காசு கொடுக்கும் நாள் எது என்று விசாரித்து அன்றைக்கு அவர்களை அங்கே அனுப்ப வேண்டும்.