வாசகர் கேள்வி: வகுப்பில் புரிந்தது ஏன் மறந்துபோகிறது?

கேள்வி: என் மகள் சென்னையில் எம்.பி.பி.எஸ். முதலாண்டு படிக்கிறாள். உடற்கூறியல் பேராசிரியர் கதை சொல்வதுபோல் சுவையாக நடத்துகிறாராம். வகுப்பில் எல்லாம் புரிகிறது, மூன்று மாதத்தில் பாதி மறந்துவிடுகிறது என்கிறாள். சுவையாக நடத்தினால் மனத்தில் நிற்காதா? – ஒரு தாய், குரோம்பேட்டை.

பதில்: நல்ல ஆசிரியர் கிடைத்தது உங்கள் மகளின் பேறு. ஆனால் கேட்கும்போது புரிவதும், பின்னொரு நாளில் நினைவிலிருந்து எடுத்துச் சொல்வதும் வெவ்வேறு திறன்கள். இரண்டாவது திறன், மாணவி தானே முயன்று விடை தேடும்போதுதான் வளர்கிறது. கையின் நரம்புகளை ஒரு மணி நேரம் அழகாக விளக்குவதைவிட, "மேற்கை எலும்பு நடுவில் முறிந்த ஒருவரால் மணிக்கட்டைத் தூக்க முடியவில்லை; எந்த நரம்பு பழுதாகியிருக்கும்?" என்று கேட்டு, பக்கத்தில் இருப்பவரோடு விவாதிக்க இரண்டு நிமிடம் கொடுத்து, அதன்பின் அதற்கு விடையான, அந்த எலும்பை ஒட்டிச் செல்லும் ரேடியல் நரம்பின் பாதையை விளக்கும் ஆசிரியர், மாணவர்களைச் சிந்திக்க வைத்துவிடுகிறார். ஆண்டுக்கு 250 பேர் சேரும் சென்னை மருத்துவக் கல்லூரி போன்ற பெரிய வகுப்புகளிலும் இதைச் செய்யலாம்.

இதற்குச் சான்று உண்டு. அமெரிக்காவில் முதுநிலைப் பயிற்சி மருத்துவர்களிடம் நடத்தப்பட்டு 2009-இல் வெளியான ஆய்வில், பாடம் கேட்டபின் சிறு தேர்வுகளை இடைவெளி விட்டு எழுதி, விடைகளையும் சரிபார்த்துக்கொண்ட தலைப்பில் ஆறு மாதம் கழித்து அவர்கள் பெற்ற சராசரி மதிப்பெண் 39 விழுக்காடு; குறிப்புகளைத் திரும்பப் படிக்க மட்டும் செய்த தலைப்பில் 26 விழுக்காடு.

ஓர் எச்சரிக்கையும் தேவை. ஹார்வர்டு பல்கலைக்கழக இயற்பியல் வகுப்புகளைப் பற்றி 2019-இல் வெளியான ஆய்வில், தாமே முயன்று கற்ற மாணவர்கள் கூடுதலாகக் கற்றிருந்தும், சரளமான விரிவுரையிலேயே அதிகம் கற்றதாக எண்ணினார்கள். ஆகவே, திணறலாகத் தோன்றும் வகுப்பை உங்கள் மகள் குறைத்து மதிப்பிட வேண்டாம்.

அதே 2019-இல் நம் நாட்டில் நடைமுறைக்கு வந்த எம்.பி.பி.எஸ். பாடத்திட்டம், முதலாண்டிலேயே நோயாளிகளைச் சந்திக்க வழிசெய்தது. எந்த நோய்க்காக இதைப் படிக்கிறோம் என்று தெரிந்து படிக்கும் பாடம் எளிதில் கழன்றுபோவதில்லை என்பதால் இந்த மாற்றத்தை நான் மனமார வரவேற்கிறேன். வகுப்பு முடிந்த அன்று மாலையே, புத்தகத்தை மூடிவைத்து, நினைவில் இருப்பதை வெற்றுத்தாளில் எழுதி, விடுபட்டதை மட்டும் பார்த்துத் திருத்தச் சொல்லுங்கள். இரண்டு நாள் கழித்தும் அடுத்த வாரமும் அதையே செய்யட்டும்.