திருச்சி–யாழ்ப்பாணம்: தூரம் எவ்வளவு, நேரம் எவ்வளவு?

2025 மார்ச் 30 முதல் திருச்சியிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு நேரடி விமானம் ஓடுகிறது. அதைப் பற்றி வந்த கேள்விகளுக்குப் பதில் இங்கே. விமான நிலையத் தரைப்பணியில் இருந்தவன் நான். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

திருச்சி வாசகர்: வரைபடத்தில் அளந்தால் 184 கி.மீ.தான். டிக்கெட்டில் ஒரு மணி நேரம் போட்டிருக்கிறதே, ஏன் சார்?

உங்கள் அளவு சரி. வான்வழியில் கிட்டத்தட்ட 100 கடல் மைல். இந்த வழியில் பறக்கும் ஏடிஆர் 72 என்ற விசிறி விமானம் முழு வேகத்தில் மணிக்கு 500 கி.மீ. போகும், ஆக 22 நிமிடம்தானே ஆகணும்? ஆனால் அந்த வேகம் வருவதற்குள் பாதி வழி போய்விடும். ஏறி முடித்துக் கொஞ்ச நேரத்தில் இறங்க ஆரம்பிக்க வேண்டும்.

இன்னொன்று, டிக்கெட்டில் இருக்கும் நேரம் தரையிலும் ஓடுகிறது. சக்கரத்துக்கு முட்டுக் கொடுக்கும் கட்டையை நாங்கள் சாக் என்போம். திருச்சியில் அதை உருவியதும் கடிகாரம் ஓடத் தொடங்கும். யாழ்ப்பாண விமான நிலையமான பலாலியில் மறுபடி செருகும்போதுதான் நிற்கும். நடுவில் ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, வரிசையில் காத்திருப்பது, தாமதத்துக்கென்று ஒதுக்கிய சில நிமிடங்கள் எல்லாம் அடக்கம்.

யாழ்ப்பாணத்து அக்கா: சென்னைக்குப் போறதெண்டால் எவ்வளவு நேரம் தம்பி? மணிக்கூட்டைத் திருப்ப வேணுமோ?

சுமார் ஒன்றேகால் மணித்தியாலம் அக்கா. தூரம் 355 கி.மீ., திருச்சியைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. நேரம் மட்டும் கால் மணிதான் கூடுது பாருங்கோ! ஏறுவது, இறங்குவது, ஊர்வது எல்லாம் இரண்டுக்கும் ஒன்றே; கூடுதல் தூரத்தை முழு வேகத்தில் கடந்துவிடும். மணிக்கூட்டைத் தொட வேண்டாம். 2006 ஏப்ரலிலிருந்து இலங்கை நேரமும் இந்திய நேரமும் ஒன்று.

தஞ்சாவூர் மாணவர்: பெரிய ஜெட் விட்டால் சீக்கிரம் போகலாமே அண்ணா?

சில நிமிடம் மிச்சமாகலாம், அவ்வளவுதான். 184 கி.மீ.க்குள் ஜெட்டால் தன் வேகத்தைக் காட்ட முடியாது தம்பி. அதைவிடப் பெரிய தடை பலாலி ஓடுபாதை: 2019 அக்டோபரில் சர்வதேச நிலையமாகத் திறந்தபோது சுமார் 1400 மீட்டர். நூற்றைம்பது பேரை ஏற்றும் ஜெட்டுக்கு அது போதாது. ஏடிஆருக்குச் சரியாக இருக்கும்.

ஜன்னல் சீட் பிரியர்: எந்தப் பக்கம் உட்காரலாம்?

திருச்சியிலிருந்து நேர்கோடு போட்டால் மல்லிப்பட்டினம் பக்கம் கரையைத் தாண்டும். பாதி நிலம், பாதி கடல். இடப்பக்கம் உட்கார்ந்தால், மேகம் இல்லாத நாளில் கோடியக்கரை மூக்கு தெரியும். சென்னையிலிருந்து போனால் அதே மூக்கு வலப்பக்கம்.

நாகைக்காரர்: எங்கள் ஊர்க் கப்பலை விட்டுவிட்டீர்களே!

எப்படி விடுவேன்? நாகப்பட்டினத்திலிருந்து யாழ்ப்பாணத்துத் துறைமுகமான காங்கேசன்துறை சுமார் 60 கடல் மைல், விமானப் பாதையைவிடக் குறைவு. கப்பலில் நான்கு மணி நேரம் ஆகும்.

ஓய்வுபெற்ற ஆசிரியர்: அந்தக் காலத்தில் விமானம் இருந்ததாமே?

இருந்தது ஐயா. 1947 டிசம்பரில் இலங்கை விமான நிறுவனமான ஏர் சிலோனின் முதல் டகோட்டா விமானம் கொழும்பு அருகே உள்ள இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகத்தான் மதராஸ் வந்தது. அந்தக் காங்கேசன்துறை நிலையம்தான் இன்றைய பலாலி.