சோளத்தட்டை எந்தப் பருவத்தில் அறுத்தால் கறவை மாட்டுக்குச் சத்து அதிகம்?

ஓட்ஸ் தீவனத்தைக் கதிர் வெளிவரும் முன்பே அறுத்தால் சத்து அதிகம் என்கிறார்களே, அது நம் சோளத்தட்டுக்கும் பொருந்துமா என்று கேட்டிருக்கிறீர்கள். பாதிதான் பொருந்தும். பொருந்தாத பாதியில் மாட்டின் உயிர் இருப்பதால் அதை முதலில் சொல்கிறேன்.

இளம் சோளப் பயிரில் சயனைடு நஞ்சு உண்டு. ஓட்ஸில் அது கிடையாது. முழங்கால் உயரப் பயிர், மழையில்லாமல் வாடி நிற்கும் பயிர், அறுத்த தாளில் புதிதாக வெடிக்கும் துளிர் ஆகிய மூன்றிலும் மாட்டை விடவே கூடாது. மேய்ந்த மாடு மூச்சுத் திணறித் தள்ளாடினால் அந்த நொடியே கால்நடை மருத்துவரை அழையுங்கள். நஞ்சை முறிக்கும் ஊசி இருக்கிறது; ஆனால் தாமதித்தால் பயனில்லை. பூக்கும் பருவத்துக்குள் இந்த நஞ்சு வெகுவாகக் குறைந்துவிடும்.

பொருந்தும் பாதி இதுதான். ஓட்ஸோ சோளமோ, பயிர் முற்ற முற்ற இலையின் பங்கு குறைந்து தண்டின் பங்கு கூடுகிறது. தண்டின் நாரோடு லிக்னின் என்ற மரத்தன்மைப் பொருள் சேர்ந்து இறுகிவிட்டால், மாட்டின் முதல் வயிற்றிலுள்ள நுண்ணுயிர்களால் அந்த நாரை உடைக்க முடியாது. செரிக்காத நார் வயிற்றை அடைத்துக்கொண்டே கிடக்கும். மாடும் குறைவாகத்தான் தின்னும். கதிர் வெளிவராமல் தொண்டையில் இருக்கும்போது ஓட்ஸில் புரதம் 100-க்கு 15 அளவில் இருக்கும். மணி மாவாகும் பருவத்தில் 10-க்குப் பக்கத்தில் வந்துவிடும். அதற்குள் விளைச்சல் பெருகிவிடுவதும், மணியில் ஏறும் மாவுச்சத்து அந்த இழப்பில் ஒரு பகுதியை ஈடுகட்டுவதும் உண்மை. அதனால்தான் ஊறுகாய்ப்புல் (காற்றுப்புகாமல் மூடிப் புளிக்கவைக்கும் தீவனம்) போடுகிறவர்கள் மாவுப் பருவம் வரை காத்திருக்கிறார்கள்.

சோளத்தில் பாதிப் பயிர் பூத்திருக்கும் நேரமே பசுந்தீவனத்துக்குச் சரியான நேரம். பெரும்பாலான தீவன ரகங்களில் அது 60, 65 நாட்களில் வரும். தாராபுரம், காங்கேயம் பக்கம் மானாவாரித் தட்டைக் கதிர் முற்றும்வரை விட்டு, மணியையும் எடுத்துக்கொண்டு போர் போடும் வழக்கம் உழவு எருதுக்கும் வற்றிய மாட்டுக்கும் போதுமானதாக இருந்தது. இன்று கட்டுத்தரையில் நிற்பது கலப்பினக் கறவை. மணி எடுத்த தட்டில் புரதம் 100-க்கு 4 தேறுவதே அரிது. தீவனத்தில் 7-க்குக் கீழே போனால் வயிற்று நுண்ணுயிர்களே பட்டினி கிடக்கும். போர் பெரிதாக இருக்கிறதே என்று நிம்மதி அடைவதை என்னால் ஏற்க முடியவில்லை.

புரட்டாசிக் கடைசியில் விதைத்தால் மார்கழித் தொடக்கத்தில் அறுவடை வரும். பனி விலகி வெயில் ஏறிய பிறகு அறுத்து, நன்றாகக் காய்ந்த பின்பே கட்டுக் கட்டுங்கள். ஈரத்தோடு போர் போட்டால் பூசணம் பிடிக்கும். ஏற்கெனவே முற்றிய தட்டுதான் கையில் இருக்கிறதென்றால், அதை நறுக்கி, வேலிமசாலோ தட்டைப்பயறுக் கொடியோ கலந்து போடுங்கள். கறவைக்குப் புண்ணாக்கையும் சற்றுக் கூட்ட வேண்டும்.