வெட்டி ஒட்டியது தமிழில், பாடம் மட்டும் ஆங்கிலம்!

வாசகர் கேள்வி – பதில்: நத்தார்கால ஆங்கில வகுப்பு

கேள்வி: தரம் 5இல் 38 பிள்ளைகள். போன வருடம் நத்தார் வாழ்த்து அட்டை செய்ய வைத்தேன். 40 நிமிடமும் சந்தோசமாக வெட்டி ஒட்டினார்கள், ஆனால் ஆங்கிலத்தில் ஒரு சொல்கூட வரவில்லை. பிழை எங்கே?
– ஓர் ஆசிரியை, தலவாக்கலை

பதில்: எல்லாருடைய மேசையிலும் எல்லாச் சாமானும் இருந்தால் யார் யாரிடம் என்ன கேட்பது, டீச்சர்? சாமானைக் குறையுங்கள், பேச்சு தன்னால் வரும்.

இந்த முறை அட்டையை விட்டுவிட்டுக் கடதாசிச் சங்கிலி செய்து பாருங்கள். ஏ4 தாளைக் குறுக்கே 3 சென்ரிமீற்றர் அகலத்தில் வெட்டினால், 21 சென்ரிமீற்றர் நீளத்தில் 9 பட்டிகள் கிடைக்கும். 5 தாள்களில் 45 பட்டிகள். 38 பேருக்கும் கொடுத்து மீதி 7. பிழையாக எழுதியவர்கள் திரும்ப எழுத அந்த ஏழும் கட்டாயம் தேவைப்படும். வெட்டும் வேலையை முதல் நாளே முடித்துவிடுங்கள்.

நால்வராக 7 குழு, ஐவராக 2 குழு. ஒவ்வொரு குழுவிலும் பட்டி ஒருவரிடம், அடிமட்டம் ஒருவரிடம், கலர் பென்சில் ஒருவரிடம், கம் ஒருவரிடம். ஐந்தாமவர் இருந்தால் சொற்பட்டியல் அவரிடம். 'கேன் ஐ ஹேவ் த க்ளூ, ப்ளீஸ்?', 'ஹியர் யூ ஆர்' ஆகிய இரண்டு வசனங்களையும் கரும்பலகையில் எழுதி, வேலை தொடங்குமுன் ஐந்து தடவை சொல்ல வையுங்கள். விரலைக் காட்டிக் கேட்டால் கொடுக்கக்கூடாது. இந்த ஒரு சட்டத்தில் நீங்கள் விட்டுக்கொடுத்தால் ஐந்து நிமிடத்தில் வகுப்பு முழுக்கத் தமிழுக்குத் திரும்பிவிடும். குழுவில் கெட்டிக்காரப் பிள்ளை எல்லாவற்றையும் தன் பக்கம் இழுத்துக்கொள்வதும் வழமைதான். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை சாமானைக் கைமாற்றச் சொல்லுங்கள்.

பட்டியின் ஒரு நுனியில் 2 சென்ரிமீற்றர் விட்டு ஒரு கோடு போட வேண்டும். அது கம் பூசும் இடம். கோடு போடாத பிள்ளையின் கடைசிச் சொல் ஒட்டுக்குள் மறைந்துபோகும். பட்டியில் ஒரே ஒரு வசனம்: 'அட் கிறிஸ்மஸ் வீ ஈட் கேக்', 'அட் தைப்பொங்கல் வீ குக் ரைஸ்' என்கிற மாதிரி. நீங்கள் பார்த்துச் சரி போட்ட பிறகுதான் கம் கொடுக்க வேண்டும். ஒட்டிய வளையத்தில் பிழை திருத்த முடியாது. எழுத்து வெளிப்பக்கம் வர வேண்டும் என்பதையும் ஒரு வளையம் செய்து காட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் பாதி வளையங்களில் வசனம் உள்ளே போய்விடும். எழுதுவதற்கு மார்க்கர் வேண்டாம், பென்சிலே போதும். மலைநாட்டு மார்கழி ஈரத்தில் மை பரவும், கம்மும் லேசில் காயாது. ஸ்டேப்லர் ஒன்று கையில் இருந்தால் நல்லது.

கேள்வி: என் வகுப்பில் இந்துப் பிள்ளைகள்தான் கூட. நத்தார்ப் பாட்டுப் படிப்பித்தால் பெற்றோர் குறை சொல்வார்களோ என்று தயக்கம்.
– ஓர் ஆசிரியர், பண்டாரவளை

பதில்: 'ஜிங்கிள் பெல்ஸ்' பாட்டை எடுங்கள். 1857இல் அமெரிக்காவில் அச்சான அந்தப் பாட்டில் கிறிஸ்மஸ் என்ற சொல்லே கிடையாது. பனியில் குதிரை வண்டிச் சவாரி, அவ்வளவுதான். பல்லவி மட்டும் போதும். அடிகளுக்குள் போனால் பழைய ஆங்கிலம் பிள்ளைகளைத் திணறடிக்கும். சொற்களை விட்டு நிரப்பச் செய்வதானால் ஐந்தாறு இடத்துக்கு மேல் விடாதீர்கள். மணி, குதிரை போல் காதில் தெளிவாக விழும் சொற்களை எடுங்கள். 'த', 'இன்' போன்றவை பாட்டின் வேகத்தில் கேட்காது.

இதைவிட எனக்குப் பிடித்தது சோடியாகச் செய்யும் படப்பயிற்சி. ஒரு பிள்ளையிடம் சோடித்த மரத்தின் படம், மற்றப் பிள்ளையிடம் வெறும் மரம். நடுவில் கொப்பியை நிறுத்தி மறைத்துவிட்டு, ஒருவர் சொல்ல மற்றவர் வரைய வேண்டும். ஆறு பொருள் போதும். எந்த மதத்துப் பிள்ளைக்கும் இது பொதுவான விளையாட்டு, ஆனால் இலக்கணம் நிறைய வெளியே வரும். தமிழில் 'மேசை மேல்' என்கிறோம், அதே ஒழுங்கில் 'டேபிள் ஒன்' என்று வந்து விழும். நம் 'மேல்' ஒன்றே ஆங்கிலத்தில் 'ஒன்', 'ஓவர்', 'அபவ்' என்று பிரிகிறது. இன்னொன்று: மரத்தில் தொங்கவிட்ட மணி 'ஒன் த ட்ரீ', கிளைக்குள் உட்கார்ந்த குருவி 'இன் த ட்ரீ'. படத்தில் மணியையும் குருவியையும் சேர்த்தே வையுங்கள்.

கேள்வி: 'மெரி கிறிஸ்மஸ்' சரியா, 'ஹப்பி கிறிஸ்மஸ்' சரியா?
– ஹட்டன் வாசகி

பதில்: இரண்டும் சரி. புதுவருடத்துக்கு மட்டும் 'ஹப்பி'தான், 'மெரி' ஒட்டாது. 'ஐ விஷ் யூ அ மெரி கிறிஸ்மஸ்' என்னும்போது நடுவில் வரும் அந்த 'அ'வைப் பிள்ளைகள் விழுங்கிவிடுவார்கள், கவனியுங்கள். 'கிறிஸ்மஸ்' என்ற சொல்லுக்கு எழுத்தில் 'டி' உண்டு, உச்சரிப்பில் இல்லை. பண்டிகைக் காலம் முழுவதற்கும் 'அட் கிறிஸ்மஸ்', 25ஆம் திகதி என்றால் 'ஒன் கிறிஸ்மஸ் டே', மாதத்துக்கு 'இன் டிசம்பர்'.

கேள்வி: நத்தார் தாத்தாவுக்குக் கடிதம் எழுதச் சொன்னால் பிள்ளைகள் டெப், சைக்கிள் என்று எழுதுகிறார்கள். லயத்துப் பெற்றோருக்கு அது சங்கடம்.
– மஸ்கெலியா வாசகர்

பதில்: கேட்கும் கடிதத்தைக் கொடுக்கும் சீட்டாக மாற்றுங்கள். ஏ4 தாளை நான்காக வெட்டினால் ஒரு தாளில் நால்வருக்குச் சீட்டு. மேலே அம்மா அல்லது அப்பாவின் பெயர், நடுவில் 'ஐ வில்' என்று தொடங்கும் ஒரே வசனம்: 'ஐ வில் வாஷ் த ப்ளேட்ஸ்', 'ஐ வில் ஃபெச் வோட்டர்'. கீழே எந்த நாள் என்று எழுத வேண்டும். 'ஒன் சண்டே' என்று நாள் குறிக்காவிட்டால் பிள்ளை பொதுவாக 'ஐ வில் ஹெல்ப்' என்று எழுதித் தப்பித்துவிடும், நீங்கள் எதிர்பார்த்த வினைச்சொல் ஒன்றும் வராது. 'ஐ வில் டூ வாஷ்' என்ற பிழை கட்டாயம் வரும். 'கழுவுதல் செய்வேன்' என்று தமிழில் யாராவது சொல்வார்களா என்று கேட்டுப் பாருங்கள், சிரித்துக்கொண்டே திருத்திவிடுவார்கள்.